குழாய் போகவில்லை, எழுப்பிவிட்டோம்

அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலை வார்டுக்குப் போனால், நோயாளிகள் மயக்க மருந்து மருத்துவரிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள். நடுவில் முழிப்பு வந்துவிடுமா? முழிப்பே வராமல் போய்விடுமா? இரண்டும் நியாயமான பயங்கள்தான். ஆனால் எங்கள் மனதில் ஓடுவது வேறொன்று, அதை எந்த நோயாளியும் கேட்பதில்லை. இவர் நினைவிழந்த பிறகு இவருக்காக மூச்சுக் கொடுக்க வேண்டும். அதற்கான வழி இவருடைய தொண்டையில் எளிதாகத் திறக்குமா?

முழு மயக்கத்தைத் தூக்கம் என்று சொல்லிப் பழக்கியவர்கள் நாங்கள்தான். பயத்தைக் குறைக்க அது உதவுகிறது. உண்மையை மறைக்கவும் உதவுகிறது. தூக்கத்தில் மூச்சு தானாக நடக்கும். புரோபோபால் என்ற பால்நிற மருந்து நரம்பில் ஏறினால் அரை நிமிடத்தில் நினைவு போகிறது, கூடவே மூச்சும் நின்றுவிடுகிறது. நாக்கின் அடிப்பகுதியையும் மென்அண்ணத்தையும் தூக்கிப் பிடித்திருந்த தசைகள் தளர்ந்து தொண்டையின் பின்சுவரில் சாய்கின்றன. தசைத் தளர்வு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் உதரவிதானமும் அசையாது. அந்த நொடியிலிருந்து அவர் கண் திறக்கும் வரை உள்ளே போகும் ஒவ்வொரு மூச்சும், பெரும்பாலும் மூச்சுக்குழலுக்குள் நாங்கள் செலுத்தும் ஒரு குழாய் வழியாக, எங்கள் கையால் அல்லது எங்கள் இயந்திரத்தால் போவது.

இதில் எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்பது எளிய கணக்கு. சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு முடித்ததும் ஒரு பெரியவரின் நுரையீரலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்று மிஞ்சுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன், அதாவது அரை லிட்டர். உடல் ஒரு நிமிடத்துக்கு 250 மில்லி லிட்டர் செலவழிக்கிறது. காகிதத்தில் இரண்டு நிமிடம். நடைமுறையில் அதற்கும் முன்பே இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கத் தொடங்கிவிடும். அதனால்தான் மயக்குவதற்கு முன்பு மூன்று நிமிடம் மாஸ்க்கை முகத்தில் அழுத்திப் பிடித்து, "நன்றாக இழுத்து விடுங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். மூச்சு முட்டுவதாக உணர்ந்து பலர் அதைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அந்த மூன்று நிமிடத்தில் நுரையீரலில் இருக்கும் நைட்ரஜன் வெளியேறி, அந்த இடமெல்லாம் ஆக்சிஜன் நிரம்புகிறது. ஆரோக்கியமான ஒருவருக்கு இரண்டு நிமிடம் எட்டு நிமிடமாக நீள்கிறது. மிகவும் பருமனானவருக்கு மூன்றுகூட நிற்காது. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும்கூட வேகமாகத் தீரும். அறுவை அரங்கத்தில் நான் பார்த்த அவசரங்களிலேயே வீணானது, இந்த மூன்று நிமிடத்தைச் சுருக்கச் சொல்லும் அவசரம்தான்.

ஆக்சிஜன் அளவு இறங்குவதும் சீராக இறங்காது. நூறிலிருந்து தொண்ணூறு வரை மெதுவாக வரும். தொண்ணூறுக்குக் கீழே சரசரவென்று விழும். போதாக்குறைக்கு, விரல் நுனியில் மாட்டிய கருவி காட்டும் எண் சற்று முன்பிருந்த நிலையைத்தான் சொல்கிறது. எண் இறங்க இறங்க மானிட்டரின் ஒலியும் தாழ்ந்துகொண்டே போகும். பத்து வருடம் அரங்கத்தில் வேலை பார்த்த செவிலியருக்குத் திரையைப் பார்க்கவே வேண்டாம். அந்த ஒலி தாழ்ந்தால் கையிலுள்ள வேலையை வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

இந்த எல்லா வசதிகளும் இல்லாத காலத்தை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது. 1848 ஜனவரி 28 அன்று, இங்கிலாந்தின் நியூகாசில் அருகே வின்லேட்டன் என்ற ஊரில், ஹானா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால்விரல் நகத்தை எடுப்பதற்காக குளோரோபார்ம் கொடுத்தார்கள். குளோரோபார்ம் புழக்கத்துக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. சில நிமிடங்களில் அவள் முகம் வெளிறியது. தெளிவிப்பதற்காக வாயில் தண்ணீரையும் பிராந்தியையும் ஊற்றினார்கள். அவள் இறந்துபோனாள். இதயம் நின்றதா, ஊற்றியது மூச்சுக்குழலில் போனதா என்ற வாதம் அப்போதே எழுந்தது, இன்னும் முடியவில்லை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று இன்று ஒன்பதாம் வகுப்பு மாணவருக்கும் தெரியும்.

மூச்சா இதயமா என்ற அந்தச் சண்டை நம் பக்கமும் வந்தது. 1888-இலும் 1889-இலும் ஹைதராபாத் நிஜாமின் செலவில் இரண்டு குளோரோபார்ம் ஆணையங்கள் கூடின. அங்கே இருந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் எட்வர்ட் லாரி, குளோரோபார்ம் இதயத்தை நேரடியாகத் தாக்காது, மூச்சுத்தான் முதலில் நிற்கும், ஆகவே நாடியைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் மூச்சைக் கவனியுங்கள் என்று பிடிவாதமாகச் சொல்லி வந்தவர். இரண்டாவது ஆணையத்துக்கு லண்டனின் லான்செட் இதழ் லாடர் பிரண்டனை அனுப்பியது. விலங்குகள் மீது நூற்றுக்கணக்கான சோதனைகள் நடந்தன. ஆணையம் லாரியின் பக்கம் சாய்ந்தது. பிறகு 1911-இல் குட்மன் லெவி, குறைந்த அளவு குளோரோபார்மும் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கிக் கொல்லும் என்று காட்டினார். லாரியின் கொள்கை விழுந்தது. அவர் கற்பித்த பழக்கம், அதாவது மூச்சிலிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பது, விழவில்லை. தவறான காரணத்துக்காகச் சரியானதைச் சொன்னவர்கள் மருத்துவத்தில் நிறையப் பேர்.

மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்தி மயக்க மருந்து கொடுத்த கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் கிளாஸ்கோவின் அறுவை மருத்துவர் வில்லியம் மக்யூவன். 1878 ஜூலை மாதம், வாயின் உள்ளே புற்றுநோய் வந்த ஒருவருக்கு அறுவை செய்ய வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் கழுத்தில் துளையிட்டு அதன் வழியாக மயக்குவதுதான் முறை. இல்லாவிட்டால் இரத்தம் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். மக்யூவன் கழுத்தை வெட்டாமல், வாய் வழியாக விரலாலேயே தடவிக் குரல்வளையைக் கண்டுபிடித்து உலோகக் குழாயை இறக்கினார். பிணங்களில் பழகியிருந்தார். நோயாளிக்கும் முன்கூட்டியே பழக்கிக் கொடுத்திருந்தார், ஏனென்றால் குழாய் இறங்கும்போது அவர் விழித்திருந்தார். குளோரோபார்ம் அதற்குப் பிறகுதான். கடினமான தொண்டை என்றால் முதலில் வழி, பிறகு மயக்கம் என்ற விதியை யாரும் எழுதுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் நடத்திக் காட்டிவிட்டார்.

அதன் பிறகு முதல் உலகப் போர். முகம் சிதைந்த வீரர்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் ஹெரால்டு கில்லீஸ் புது முகம் தைத்துக்கொண்டிருந்தபோது, அதே முகத்தின் மீது மாஸ்க் வைக்க இடமில்லாமல் தவித்த மயக்க மருந்து மருத்துவர்கள் ஐவன் மெகிலும் ஸ்டான்லி ரௌபாதமும் ரப்பர் குழாய்களை மூக்கு வழியாகச் செலுத்திப் பழகினார்கள். 1943-இல் ஆக்ஸ்போர்டின் ராபர்ட் மெக்கின்டாஷ் செய்த, நாக்கைத் தூக்கிக் குரல்வளையைப் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப் கருவியின் வளைந்த பிளேடு பெரிதாக மாறாமல் இன்றைக்கும் எங்கள் தட்டில் கிடக்கிறது. இடையில் அமெரிக்காவின் ஆர்தர் கெடெல், காற்றடைத்த பலூன் சுற்றிய குழாய் எவ்வளவு பாதுகாப்பானது என்று காட்டுவதற்காகத் தன் நாயை மயக்கி, குழாய் போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கடித்து வைத்தார். நாய் நலமாக எழுந்தது. அதன் பெயர் ஏர்வே.

இவ்வளவு கருவிகள் வந்த பிறகும், நாளை காலை இந்தத் தொண்டை சிக்கல் தருமா என்று இன்று மாலையே சொல்லத் தெரிகிறதா? ஆந்திரத்தில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி ராவ் மல்லம்பட்டி 1985-இல் 210 நோயாளிகளை வைத்து எளிய சோதனை ஒன்றை வெளியிட்டார். உட்கார்ந்தபடி வாயை முழுதாகத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு, உள்நாக்கும் அதன் இரு பக்கத் தூண்களும் எவ்வளவு தெரிகின்றன என்று பார்ப்பது. நாக்கு மறைக்க மறைக்க மல்லம்பட்டி எண் ஒன்றிலிருந்து மேலேறும், சிக்கலும் கூடும். உலகம் முழுக்க மயக்க மருந்து மருத்துவர்கள் அவர் பெயரைத் தினமும் உச்சரிக்கிறார்கள். நம் வார்டுகளில், "டாக்டரம்மா தொண்டைப் புண்ணைப் பார்க்கிறார்கள் போல" என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதோடு வாய் எத்தனை விரல் திறக்கிறது, கழுத்து எவ்வளவு பின்னால் சாய்கிறது, தாடைக்கும் குரல்வளைக்கும் இடையே எவ்வளவு தூரம், கீழ்ப்பல்லால் மேலுதட்டைக் கடிக்க முடிகிறதா, ஆடும் பல் உண்டா, குறட்டை உண்டா என்றெல்லாம் பார்க்கிறோம்.

எல்லாம் பார்த்தும் ஏமாறுகிறோம். டென்மார்க்கில் 1,88,064 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். குழாய் செலுத்தக் கடினமாக இருந்த 3,391 பேரில் 3,154 பேருக்கு அது முன்கூட்டித் தெரியவில்லை. நூற்றுக்கு 93. கடினமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் உண்மையில் கடினமாக இருந்தது. இதைப் படித்துவிட்டுச் சோதனையே வேண்டாம் என்று சொல்லும் இளைய மருத்துவர்கள் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கும் அரை நிமிடத்தில்தான், முடியாவிட்டால் அடுத்து என்ன செய்வேன் என்ற யோசனை எனக்குள் தொடங்குகிறது. சோதனை தோற்றாலும் அந்த யோசனை வீணாவதில்லை.

சில தொண்டைகளுக்குச் சோதனையே தேவையில்லை, வாசலிலேயே தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-இல் தடை வந்தது. பாக்குக்கு வரவில்லை. வருடக்கணக்கில் பாக்கும் பான் மசாலாவும் கன்னத்தில் அடக்கியவர்களின் வாயின் உள்தோல் இறுகி நார்போலாகி, கடைசியில் ஒரு விரல்கூட நுழையாத அளவுக்கு வாய் மூடிக்கொள்கிறது. முப்பது வயதைத் தாண்டாத இளைஞர்களிடம்கூட இதைப் பார்க்கிறோம். இவர்களை மயக்கிவிட்டு லாரிங்கோஸ்கோப்பை எடுத்தால் அதை நுழைக்கவே இடமிருக்காது. அதனால் மக்யூவன் வழிதான். மூக்கிலும் தொண்டையிலும் லிக்னோகெயின் தெளித்து மரத்துப்போகச் செய்து, விழித்திருக்கும்போதே விரல் தடிமனுக்கும் குறைவான, உள்ளே இருப்பதைக் காட்டும் வளையும் இழைக்கருவியை மூக்கு வழியாக இறக்கி, குரல்நாண்களைத் திரையில் பார்த்து, அவற்றுக்கு இடையே நுழைந்து, அதன் மீதே குழாயைச் சறுக்கவிட வேண்டும். 1967-இல் பீட்டர் மர்பி என்ற இங்கிலாந்து மருத்துவர் பித்தநாளத்தைப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட கருவியை இரவல் வாங்கி, இழைக்கருவியால் மூக்கு வழியாகக் குழாய் போடுவதை முதலில் செய்தார். கேட்கும்போது கொடுமையாகத் தோன்றும். ஒழுங்காக மரத்துப்போகச் செய்து, ஒவ்வொரு அடியையும் காதருகே சொல்லிக்கொண்டே போனால் பெரும்பாலானவர்கள் ஒத்துழைப்பார்கள். அவசரப்படுகிறவருக்கு இந்த வேலை வராது. பேச்சுத் துணை இல்லாமலும் வராது. நான் வழக்கமாகக் குடும்பத்தையும் ஊரையும் விசாரிக்கத் தொடங்கி, பதில் சொல்ல முடியாத இடத்துக்குக் கருவி வரும்போது நானே பேசிக்கொண்டு போவேன்.

தீக்காயத் தழும்புகள் இன்னொரு வகை. மண்ணெண்ணெய் அடுப்பின் காலத்தில் வெந்த பெண்கள் எத்தனை பேர் என்பது சென்னை கீழ்ப்பாக்கம் போன்ற மருத்துவமனைகளின் தீக்காயப் பிரிவுகளுக்குத் தெரியும். உயிர் பிழைத்த பிறகு கழுத்துத் தோல் சுருங்கி, தாடை மார்போடு ஒட்டிக்கொண்டுவிடும். தலையை நிமிர்த்தவே முடியாது. அறுவை செய்வதே அந்தத் தழும்பை விடுவிப்பதற்காக; ஆனால் தழும்பு விடுபடும் வரை குழாய் போகாது. இங்கே நாங்கள் வரிசையை மாற்றிக்கொள்கிறோம். மூச்சை நிறுத்தாத கெட்டமின் கொஞ்சம் கொடுத்து, தழும்பு முழுக்க மரத்துப்போகும் மருந்தை ஊசியால் நிரப்பி, அறுவை மருத்துவரை முதலில் வெட்டச் சொல்லிவிட்டு நாங்கள் காத்திருப்போம். கழுத்து நிமிர்ந்ததும் எங்கள் முறை. எப்போதும், "நீங்கள் முடித்தீர்களா?" என்று எங்களைக் கேட்பவரிடம் நாங்கள் அதே கேள்வியைக் கேட்பதில் ஒரு சின்னச் சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

வேர்க்கடலையையோ புளியங்கொட்டையையோ மூச்சுக்குழலுக்குள் இழுத்துக்கொண்ட குழந்தைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவரும் நானும் ஒரே துளையில் மாறி மாறி வேலை பார்ப்பது அது. பட்டினியைப் பற்றி மட்டும் இங்கே ஒரு வரி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதே என்று நாங்கள் நேற்று வரை மிரட்டியது அதிகம். தெளிந்த நீரை இரண்டு மணி நேரத்துக்கு முன்பு வரை பெரும்பாலானவர்கள் குடிக்கலாம். ஆனால் பேரப் பிள்ளை அழுகிறதே என்று பாட்டி முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவரும் இட்லி வேறு கதை, அதற்கு ஆறு மணி நேரம் வேண்டும். மயக்கத்தில் வயிற்றிலிருப்பது மேலேறினால் அது நுரையீரலுக்குள்தான் போகும்.

இனிச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எல்லா முன்னேற்பாடும் செய்து, நோயாளியை மயக்கிய பிறகு, குழாய் போகவில்லை என்றால்?

2005 மார்ச் 29 அன்று இங்கிலாந்தில் எலேன் பிராமிலி என்ற 37 வயதுத் தாய் சைனஸ் அறுவைக்காக ஒரு மருத்துவமனைக்குப் போனார். சாதாரண அறுவை. காலை 8:35 மணிக்கு மயக்கினார்கள். தொண்டையில் வைக்கும் மாஸ்க் சரியாக உட்காரவில்லை. சில நிமிடங்களில் ஆக்சிஜன் 40 சதவீதத்துக்கு இறங்கியது. குழாய் செலுத்த முயன்றார்கள், போகவில்லை. இன்னொரு மயக்க மருந்து மருத்துவர் உதவிக்கு வந்தார், அறுவை மருத்துவரும் கைகொடுத்தார். மூவரும் அனுபவசாலிகள், தேவையான கருவிகள் எல்லாம் இருந்த அரங்கம். குழாயும் போகவில்லை, மாஸ்க் வழியாகவும் காற்று போகவில்லை என்ற நிலை வந்துவிட்டால் கழுத்தில் துளையிட வேண்டும் என்பது மூவருக்கும் தெரியும். ஒரு செவிலியர் அதற்கான பெட்டியைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொல்லவும் செய்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு செவிலியர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லிவிட்டு, அரங்கத்தில் இருந்தவர்களின் பார்வையைப் பார்த்து அதை ரத்து செய்தார். மூவரின் கண்ணும் அந்தக் குழாய் மீதே இருந்தது. முயற்சி தொடர்ந்தது. எலேன் நினைவு திரும்பாமல் 13 நாள் கழித்து இறந்தார்.

அவருடைய கணவர் மார்ட்டின் பிராமிலி விமானி. விமான விபத்து என்றால் யாரைத் தூக்கிலிடலாம் என்று பார்க்காமல் ஏன் நடந்தது என்று விசாரிப்பார்களே, அதுபோல் இதையும் விசாரியுங்கள் என்று கேட்டார். அறிக்கையை அனைவரும் படிக்கத் திறந்துவிட்டார். அந்த மருத்துவர்கள் வேலைக்குத் திரும்பி, கற்றதைப் பயன்படுத்த வேண்டும் என்றார். 2007-இல் மருத்துவத்தில் மனிதக் காரணிகளை ஆராயும் ஓர் அமைப்பைத் தொடங்கினார். மனைவியை இழந்த ஒருவரிடமிருந்து இவ்வளவு நிதானம் எப்படி வந்தது என்று நான் யோசித்ததுண்டு. எங்கள் துறையில் கடந்த இருபது ஆண்டுகளில் எந்தப் புதுக் கருவியையும்விட அவர் மாற்றியது அதிகம் என்பது என் எண்ணம்.

முயற்சியை நிறுத்தக் கை வராததற்குக் காரணம் அறியாமையோ அலட்சியமோ இல்லை. குரல்நாண் கொஞ்சம் தெரிந்தது, இன்னும் சற்றுத் தூக்கினால் போய்விடும் என்ற நம்பிக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கிறது. இதற்கிடையே நேரம் ஓடுவது தெரிவதில்லை. இரண்டு நிமிடம் என்று நினைத்தது ஏழு நிமிடமாக இருக்கும். கூடவே ஒவ்வொரு முயற்சியிலும் தொண்டை வீங்குகிறது, இரத்தம் கசிகிறது. குழாய்தான் போகவில்லை, மாஸ்க் வழியாகக் காற்று போகிறது என்றிருந்த பாதுகாப்பான நிலை, ஐந்தாவது முயற்சிக்குள் இரண்டும் போகாத நிலையாக மாறுகிறது. அப்படி மாற்றுவது நம் கைதான்.

பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் முழுவதிலும் ஓராண்டு நடத்திய தணிக்கையின் அறிக்கை 2011-இல் வெளிவந்தது. ஏறத்தாழ 29 லட்சம் முழு மயக்கங்களில் சுவாசப்பாதை தொடர்பான பெரிய விபத்துகள் 133. அவற்றில் 16 பேர் இறந்தார்கள். அரிது என்றே சொல்ல வேண்டும், 22,000-க்கு ஒன்று. ஆனால் அந்த அறிக்கையில் திரும்பத் திரும்ப வருவது, முதல் திட்டம் தோற்ற பிறகு இரண்டாவது திட்டம் இல்லாமல் முதல் திட்டத்தையே மறுபடி செய்தவர்களின் கதை. அதனால் இப்போது முயற்சிகளை எண்ணுகிறார்கள். பிரிட்டனின் 2015 வழிகாட்டி மூன்று முயற்சி, அதற்கு மேல் அனுபவம் மிக்க இன்னொருவர் ஒருமுறை, அவ்வளவுதான் என்கிறது. 2016-இல் வந்த இந்திய வழிகாட்டி, ஆக்சிஜன் அளவு 95 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் அடுத்த முயற்சி என்ற நிபந்தனையும் சேர்த்து, முயலும் நேரம் முழுக்க மூக்கு வழியாக ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்கிறது. நம் ஊர் நிலைமைக்கு இது பொருத்தம்.

குழாய் தோற்றால் அடுத்தது தொண்டைக்குள் குரல்வளையின் மேல் உட்காரும் மாஸ்க். 1981-இல் லண்டனில் ஆர்ச்சி பிரெய்ன் இதைக் கண்டுபிடித்தபோது அவர் கேட்டது எளிய கேள்வி. மூக்கின் மேல் மாஸ்க் வைப்பதுபோல் குரல்வளையின் மேலேயே வைத்தால் என்ன, உள்ளே ஏன் நுழைய வேண்டும்? அதுவும் உதவாமல், முகத்து மாஸ்க்கும் உதவாமல் போனால் கழுத்து. குரல்வளைக் குருத்தெலும்புக்குக் கீழே விரலால் தடவினால் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். அதில் 10-ஆம் எண் கத்தியால் வெட்டு, வெட்டின் வழியாக பூஜி என்ற வளையும் குச்சி, அதன் மீது 6 எண் குழாய். ஒரு நிமிடம்கூட எடுக்காத வேலை. அதைத் தொடங்க எடுக்கும் முடிவுக்குத்தான் இருபது நிமிடம் போய்விடுகிறது.

தொண்டை மாஸ்க்குக்கும் கழுத்து வெட்டுக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது, நம் அரங்கங்களில் அதிகம் பேசப்படாத படி. தொண்டை மாஸ்க் வழியாகக் காற்று போகிறது, நோயாளி நலமாக இருக்கிறார், அறுவை அவசரமானதில்லை என்றால், அவரை எழுப்பிவிடலாம். எழுப்பிவிட்டு, வேறொரு நாளில் வேறு வழியில் செய்யலாம். எல்லா வழிகாட்டிகளிலும் இது எழுதியிருக்கிறது. நான் பயின்ற காலத்தில் இதைச் செய்தவரைப் பாராட்டிய நினைவு எனக்கு இல்லை. "கேஸைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்" என்று கேண்டீனில் பேசுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், பித்தப்பைக் கல்லுக்காக வந்த லாரி ஓட்டுநர் ஒருவர். குட்டைக் கழுத்து, மல்லம்பட்டி மூன்று, மனைவி சொன்னபடி தெருவுக்கே கேட்கும் குறட்டை. சிக்கல் வரலாம் என்று எதிர்பார்த்து, சில நிமிடங்களில் வீரியம் தீர்ந்துவிடும் தளர்வு மருந்தைத்தான் கொடுத்தேன். லாரிங்கோஸ்கோப்பில் குரல்வளை மூடி மட்டும் தெரிந்தது. பூஜியை ஒருமுறை முயன்றேன். மூத்த சக மருத்துவர் ஒருமுறை முயன்றார். கருவியின் நுனியில் இரத்தம் வந்தது. தொண்டை மாஸ்க் வைத்தோம், நன்றாக உட்கார்ந்தது, ஆக்சிஜன் 98. எழுப்பிவிடலாம் என்றேன். அறுவை மருத்துவர் நல்லவர், ஆனால் கையுறை மாட்டிக்கொண்டு நின்றவர். "இன்னொரு தடவை பார்க்கலாமே, மேடம்" என்றார். பட்டியலில் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். தொண்டை மாஸ்க்கோடே அறுவையை முடித்துவிடலாம் என்ற யோசனையும் வந்தது. வயிற்றில் வாயு நிரப்பிச் செய்யும் அறுவை, இந்த உடம்பு, நடுவில் மாஸ்க் நழுவினால் மறுபடி அதே தொண்டைதான். எழுப்பிவிட்டோம்.

அதன் பிறகுதான் கடினமான பகுதி. வெளியே காத்திருந்த மகன், "மயக்கம் கொடுத்துவிட்டு ஆபரேஷன் செய்யாமல் அனுப்புகிறீர்களே, டாக்டரம்மா, எங்களுக்கு ஒரு நாள் கூலி போகவில்லையா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. காரை ஓரங்கட்டிய டிரைவரைத் திட்டுகிற பயணிக்கு முன்னால் இடிந்து கிடக்கும் பாலம் தெரியாது. அவரை உட்காரவைத்து, காகிதத்தில் நாக்கையும் குரல்வளையையும் வரைந்து காட்டினேன். "அப்பாவுக்குத் தொண்டை வலி இருக்கும், இரண்டு நாளில் போய்விடும். மறுமுறை விழித்திருக்கும்போதே குழாய் போடுவோம். பயப்படாதீர்கள், ஆனால் இது தெரியாத இடத்தில் அவர் மயக்கம் வாங்கக் கூடாது" என்றேன். அரைமனதாகத் தலையாட்டினார். அடுத்த வாரம் இழைக்கருவியால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு அறுவை முடிந்தது. குழாய் இறங்கியதும் மானிட்டரில் கரியமில வாயுவின் அலை வரிசையாக வந்தது. இப்போதெல்லாம் நான் நம்புவது அந்த அலையை மட்டும்தான். ஸ்டெதஸ்கோப் ஏமாற்றும், குழாயில் படியும் நீராவி ஏமாற்றும், உணவுக்குழலில் போன குழாய் அலையைத் தொடர்ந்து காட்டாது. வயிற்றில் சோடா இருந்தால் முதல் சில மூச்சுக்கு அதுவும் ஏமாற்றும் என்பதால் ஏழு மூச்சு வரை எண்ணுகிறோம்.

வேறு ஊரில் இரவு விபத்தில் அடிபட்டு இவர் கொண்டுவரப்பட்டால், அங்கே இருக்கும் மருத்துவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதுவது எங்கள் பதிவறையைத் தாண்டாது. டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் பித்தப்பைதான் இருக்கும். அதனால் இப்படிப்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு தாள் கொடுக்கிறேன். மேல் பாதி மருத்துவருக்கு, ஆங்கிலத்தில். எந்த அளவு பிளேடு, என்ன தெரிந்தது, எத்தனை முயற்சி, எது வேலை செய்தது. கீழ்ப் பாதி தமிழில், அவரே படித்துச் சொல்வதற்கு. "எனக்கு மயக்க மருந்து கொடுத்தபோது மூச்சுக்குழலில் குழாய் செலுத்துவது கடினமாக இருந்தது. தொண்டை மாஸ்க் வழியாக மூச்சுக் கொடுக்க முடிந்தது. பிறகு விழித்திருக்கும்போதே குழாய் போட்டார்கள். எந்த ஊரில் எந்த ஆபரேஷன் என்றாலும் முதலில் இதை மயக்க மருந்து மருத்துவரிடம் காட்டுகிறேன்." இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன், நள்ளிரவில் தனியாக நிற்கும் ஒரு மருத்துவருக்கு எது போகவில்லை என்பதைவிட எது போனது என்பதுதான் வேண்டும்.

ஓட்டுநர் அந்தத் தாளை இரண்டாக மடித்து ஓட்டுநர் உரிமத்தோடு வைத்துக்கொண்டார். மகன் கைப்பேசியில் படமெடுத்து, குடும்பத்தில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, தன் வாயையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொன்னார். அவருக்கும் மல்லம்பட்டி மூன்றுதான்.